கரடி பார்க்கக் குழுவாகப் போகிறீர்களா? ப்ரூக்ஸ் அருவிப் பயணம் பற்றி

அலாஸ்காவில் கட்மாய் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ப்ரூக்ஸ் அருவிக்கு, ஜூலையில், சில குடும்பங்கள் சேர்ந்து ஒருநாள் பயணமாகப் போய் வந்தோம். சின்னக் குழந்தைகளும் வேகமாக நடக்க முடியாத ஒரு பாட்டியும் கூட வந்ததால் நான் கவனித்தது பெரும்பாலும் பாதுகாப்பைத்தான், இங்கே எழுதுவதும் அதைப் பற்றித்தான். அருவியில் எகிறும் சால்மன் மீனைக் கரடி வாயில் கவ்வும் காட்சி எப்படி இருந்தது என்று கேட்டால், அதற்காகவே போகலாம், அவ்வளவுதான் சொல்வேன்.

அங்கே போகச் சாலை கிடையாது. ஆங்கரேஜிலிருந்து கிங் சால்மன் என்ற ஊருக்கு விமானம், அங்கிருந்து தண்ணீரில் இறங்கும் குட்டி விமானம். ஏரிக்கரையில் கால் வைத்ததுமே நீங்கள் கரடிகளின் இடத்தில் இருக்கிறீர்கள், இடையில் வேலியோ கண்ணாடியோ இல்லை. அதனால்தான் வருகிற எல்லோரும், எத்தனை தடவை காடு பார்த்தவராக இருந்தாலும், முதலில் ரேஞ்சர்கள் நடத்தும் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும். முடிந்ததும் ஒரு சின்ன பேட்ஜ் தருகிறார்கள், சட்டையில் குத்திக்கொள்ள. இந்த வகுப்புக்கு முழு மதிப்பெண். கரடியிடமிருந்து 50 கஜம், அதாவது சுமார் 45 மீட்டர், தள்ளியே இருக்க வேண்டும். நீங்கள் தள்ளி நின்றிருக்க அது உங்களை நோக்கி வந்தாலும் விலக வேண்டியவர் நீங்கள்தான். (யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் இதே தூரம் 100 கஜம், டெனாலி தேசியப் பூங்காவில் 300. அங்கே படித்த விதியை இங்கேயும், இங்கே படித்ததை அங்கேயும் கொண்டுபோகாதீர்கள்.) ஓடவே கூடாது. காட்டுப் பாதையில் பேசிக்கொண்டே, அவ்வப்போது கைதட்டிக்கொண்டே நடக்க வேண்டும், திருப்பத்தில் திடீரென்று கரடி எதிரே போய் நிற்பதுதான் இருவருக்கும் ஆபத்து. கரடி பின்னங்காலில் எழுந்து நின்றால் பெரும்பாலும் என்ன வருகிறது என்று பார்க்கத்தான், பாயப் போகிறது என்று அர்த்தம் இல்லை. குழந்தைகளுக்கு இதை முன்னாடியே சொல்லி வைத்தால் அலறல் இருக்காது.

சாப்பாட்டு விஷயத்தில் அங்கே துளிகூட விட்டுக்கொடுப்பதில்லை, அது எனக்கு மிகவும் பிடித்தது. தின்பண்டம் எல்லாவற்றையும் அதற்கென்று இருக்கும் அறையில் வைத்துவிட வேண்டும், மின்வேலி போட்ட இடத்தில்தான் பிரித்துச் சாப்பிட வேண்டும், பாதையில் கையில் வெறும் தண்ணீர் மட்டும். சூயிங்கம் கூட வேண்டாம். மனிதர்களிடம் சாப்பாடு கிடைக்கும் என்று ஒரு கரடி ஒரே ஒரு தடவை கற்றுக்கொண்டாலும் அது திரும்பத் திரும்ப வரும், கடைசியில் உயிரை இழப்பது பெரும்பாலும் அந்தக் கரடிதான்.

இங்கேதான் எங்களைக் கூட்டிப்போன நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபம். விமானி அருமையானவர், நேரம் தவறவில்லை, பாட்டியைக் கைப்பிடித்து இறக்கிவிட்டார். ஆனால் விமானம் கிளம்பும் முன் ஆளுக்கொரு சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தவர்கள், அதை எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தைகள் ஜாக்கெட் பையில் பிஸ்கட்டைத் திணித்துக்கொண்டதை ரேஞ்சர் கேட்டபிறகுதான் கண்டுபிடித்து எடுத்தோம். அப்புறம், விளம்பரத்தில் ‘வழிகாட்டப்பட்ட பயணம்’ என்று போட்டிருந்தாலும் கரையோடு அவர்கள் வேலை முடிந்துவிட்டது. கைடு என்றால் அருவிவரை கூட நடக்கிறவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள், பணமும் அதற்குத்தான் கொடுத்தோம்.

ஆற்றைக் கடக்க 2019-ல் உயரமான நடைபாலம் கட்டிவிட்டார்கள், அது பெரிய நிம்மதி, பாட்டிக்கும் சிரமம் இருக்கவில்லை. ஆனால் பாலம் முடிந்ததும் அருவிக்குப் போகும் வழியில் ஒரு பகுதி தரையில்தான், காட்டுக்குள். குழு சிதறக்கூடிய இடம் அதுதான். ஒருவர் படம் எடுக்க நிற்பார், இன்னொருவர் அவசரமாக முன்னால் போவார். நாங்கள் முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர், நடுவில் குழந்தைகள் என்று நடந்தோம். வழியில் ஒரு கரடி குறுக்கே வந்தபோது எல்லோரும் சேர்ந்து மெதுவாகப் பின்வாங்கி ஒதுங்கினோம், அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது.

அருவியைப் பார்க்கும் மேடையில் ஒரே நேரத்தில் 40 பேருக்குத்தான் இடம். ஜூலையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும், உங்கள் குழு இரண்டாகப் பிரியவும் நேரலாம். எந்தக் குழந்தை யாரோடு என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். கரடி வழியில் இருந்தால் ரேஞ்சர்கள் எல்லோரையும் நிறுத்திவிடுவார்கள், திரும்பும் விமானத்துக்கு நேரமாகிறது என்று அவர்களிடம் மல்லுக்கு நிற்பதில் பயன் இல்லை. அன்றைக்கே ஆங்கரேஜிலிருந்து வேறு விமானம் பதிவு செய்யாதீர்கள், மூடுபனி வந்தாலும் இதே கதைதான்.

பேர் ஸ்ப்ரே (பாய்ந்து வரும் கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய்க் காரத் தெளிப்பான்) எடுத்துப்போக நினைப்பவர்களுக்கு: பயணிகள் விமானத்தில் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. பயணிகள் விமானப் பயணம் முடிந்த பிறகுதான் வாங்க வேண்டும்.

இடத்துக்கும் ரேஞ்சர்களுக்கும் 5-க்கு 5, நிறுவனத்துக்கு 5-க்கு 2. பதிவு செய்யும் முன் இரண்டு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: கைடு எங்கள் குழுவோடு மேடைவரை நடப்பாரா, கரடியால் தாமதமானால் விமானம் காத்திருக்குமா. பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள்.