ஆறடிக்கு மேல் உள்ளவருக்கு எந்த செடான்? சிட்டி, வெர்னா, ஸ்லாவியா

என் உயரம் ஆறடி இரண்டு அங்குலம், தம்பி இன்னும் கொஞ்சம் கூடுதல். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கும் பெங்களூருக்கும் அடிக்கடி போய்வருகிறோம். எங்களுக்கு மைலேஜ் அப்புறம்தான். தலை கூரையில் முட்டாமல், முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்காமல் உட்கார முடிகிறதா என்பதே முதல் கேள்வி. ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா மூன்றையும் அந்தக் கணக்கில்தான் ஓட்டிப் பார்த்தோம். ஃபோக்ஸ்வேகன் வெர்ட்டஸ் ஸ்லாவியாவோடு ஒரே அடித்தளத்தில் (பிளாட்ஃபார்ம்) உருவான வண்டி. ஸ்லாவியாவின் இடவசதி பற்றிச் சொல்வது பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

முன்-பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தில், அதாவது வீல்பேஸில், வெர்னாவுக்குத்தான் முதலிடம். அதன் வீல்பேஸ் 2670 மி.மீ., ஸ்லாவியாவுக்கு 2651, சிட்டிக்கு 2600. ஆனால் வீல்பேஸ் காலுக்குத்தான் உதவும், தலைக்கு உதவாது. வெர்னாவின் கூரை பின்பக்கம் சரிந்து இறங்குகிறது. தம்பி பின்சீட்டில் முதுகை ஒட்டி நிமிர்ந்து உட்கார்ந்ததும் உச்சிமுடி கூரைத் துணியில் உரசியது. முழங்காலுக்கு முன்னால் தாராளமாக இடம் இருந்தும், இடுப்பை முன்னால் நகர்த்திச் சரிந்து உட்கார வேண்டியிருந்தது. அப்படி ஓசூர் வரை போனாலே முதுகு பிடித்துக்கொள்ளும். முன்சீட்டில் இந்தத் தொல்லை இல்லை. 160 பிஎஸ் (குதிரைத்திறன்) டர்போ இன்ஜினின் இழுவையும் அருமை. உயரமானவர் நீங்கள் ஒருவர்தான், ஓட்டுவதும் நீங்கள்தான் என்றால் வெர்னா நல்ல வண்டி.

சிட்டியின் வீல்பேஸ் மூன்றிலும் சிறியது. ஆனாலும் பின்சீட்டில் கால் நீட்ட நல்ல இடம் இருக்கிறது, மெத்தையும் சுகம். ஆனால் சீட் தாழ்வு. நீளக்கால்காரர் இறங்கும்போது முட்டியை ஊன்றி எழ வேண்டும், வீட்டுப் பெரியவர்களுக்கும் அது சிரமம்.

ஸ்லாவியாவில் எனக்குப் பிடித்தது தொடைக்குக் கிடைக்கும் தாங்கல். உயரமானவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். சீட்டின் அடிப்பகுதி குட்டையாக இருந்தால் தொடை அந்தரத்தில் நிற்கும், காலின் முழு பாரமும் குதிகாலில் இறங்கும். ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்தால் இது தெரியாது. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கினால் தெரியும். இரட்டைப் பாலம் தாண்டும்வரை லாரிகளுக்குப் பின்னால் கியரைக் குறைத்து, வலது கால் பிரேக்கை விட்டு அதிகம் விலகாமல் போக வேண்டும். அங்கே ஸ்லாவியாவில் என் தொடை தளரவில்லை. தரைக்கும் வண்டிக்கும் 179 மி.மீ. இடைவெளி இருப்பதால் பாலக்கோடு பக்கத்து வேகத்தடைகளிலும் பயமில்லை. குறை பின்சீட்டில்தான். தரையின் நடுவே மேடு உயரமாக இருப்பதால் மூன்றாவது ஆளுக்குக் கால் வைக்க வசதி இல்லை.

டெஸ்ட் டிரைவுக்கு வரும் வண்டி பெரும்பாலும் விலை கூடிய வகை, அதில் சன்ரூஃப் (திறக்கும் கூரைக் கண்ணாடி) இருக்கும். சன்ரூஃப் சட்டம் கூரையைக் கீழே இறக்கிவிடும். அதனால் சன்ரூஃப் இல்லாத வகையிலும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஸ்டியரிங் மேலும் கீழும் மட்டும் நகர்கிறதா, நம் பக்கம் இழுக்கவும் வருகிறதா என்று அந்த வகையிலேயே பாருங்கள். இழுக்க வராவிட்டால் கைக்காக சீட்டை முன்னால் தள்ளுவோம், முட்டி இடிக்கும். அப்புறம், உங்களுக்குச் சரியாக சீட்டை வைத்துவிட்டு, அதை அசைக்காமல் பின்னால் போய் உட்காருங்கள். சிக்னலில் நிற்கும்போது உள்கண்ணாடி பார்வையை மறைக்கிறதா என்பதையும் கவனியுங்கள். உயரமானவர்களுக்கு இடதுபக்கம் வரும் பைக் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துபோகும்.

நாங்கள் இருவரும் மாறி மாறி ஓட்டுவோம், ஓட்டாதவர் சில சமயம் பின்னால் தூங்குவார். அதனால் வெர்னா முதலில் விலகியது. அந்தத் தாழ்ந்த சீட்டுக்காக சிட்டியும் வேண்டாம் என்றோம். அம்மா தினமும் கூட வருபவராக இருந்தால் அதை இன்னும் உறுதியாகச் சொல்லியிருப்போம். சன்ரூஃப் இல்லாத ஸ்லாவியாவுக்குச் சொல்லியிருக்கிறோம்.