கையால் பின்னிய பாப்பிகள்: மெல்போர்னின் போர் நினைவஞ்சலி

ஆஸ்திரேலியாவில் இரு பெண்கள், போருக்குச் சென்ற தம் தந்தையரின் நினைவாக 2013-இல் தொடங்கிய '5000 பாப்பிகள்' திட்டத்துக்கு, 2015 அன்சாக் நாளுக்குள் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களின் நினைவு நாள்) நூலால் பின்னிய இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பாப்பி மலர்கள், அதாவது போரில் மாண்டோரை நினைவுகூரும் சிவப்பு மலர்கள், வந்து சேர்ந்து, மெல்போர்னின் ஃபெடரேஷன் சதுக்கத்தைச் சிவப்பாக்கின. மறு ஆண்டு லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியை ஒட்டி, முதிய படைவீரர்கள் வாழும் ராயல் ஹாஸ்பிடல் வளாகத்தில் ஏறத்தாழ 3 லட்சம் மலர்கள் விரிக்கப்பட்டன.

இத்திட்டத்தின் உண்மையான சிறப்பு எண்ணிக்கையில் இல்லை என்பதே என் உறுதியான கருத்து. ஊசியாலும் கொக்கியாலும் பலர் பின்னியதால், நூலின் தடிமனும் சிவப்பின் சாயலும் மலருக்கு மலர் வேறுபடுகின்றன. எந்த ஆலையும் தர இயலாத இந்த வேறுபாடுதான், மாண்டவர் ஒவ்வொருவரும் தனி மனிதர் என்பதை உணர்த்துகிறது. தொலைவிலிருந்து பார்த்தால் இது புலப்படாது. படங்களிலும் நெருக்கக் காட்சிகளையே தேடிப் பார்க்கப் பரிந்துரைக்கிறேன்.