சென்னையா, பெங்களூரா?
வேலூரிலிருந்து ஜெர்மனிக்குக் கிளம்பும்போதெல்லாம் வீட்டில் இதே பேச்சுதான். சென்னை விமான நிலையம் சுமார் 130 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் நெரிசலைத் தாண்டினால் சரி. கார் வேண்டாமென்றால் காட்பாடியில் ரயிலேறி, சென்ட்ரலில் மெட்ரோ பிடிக்கலாம். இரண்டு பிள்ளைகள், நான்கு பெட்டிகளோடு அதெல்லாம் வேலைக்காகாது.

பெங்களூர் 200-க்கு மேல். கிருஷ்ணகிரி வழி போனால் நகரையே கடந்து, விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி போக வேண்டும். சித்தூர், கோலார் வழி வந்து ஹொஸ்கோட்டையில் திரும்பினால் தப்பிக்கலாம். டிக்கெட் நன்றாகக் குறைந்தால் மட்டும் பெங்களூர்; மற்றபடி என் ஓட்டு சென்னைக்கே.

எதுவானாலும் சனிக்கிழமை காலை போய் இறங்குங்கள். ஞாயிறு அங்கே கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்; முதல் முறை ரொட்டிகூட இல்லாமல் முழித்தோம். அப்புறம், பால் சேர்ந்த இனிப்பான ஆற்காடு மக்கன் பேடாவை இங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். பால் பொருள்களை அங்கே கொண்டுபோக அனுமதியில்லை.