ஜீப் கியர் பாக்ஸை வீட்டிலேயே இறக்க ஒரு டிரான்ஸ்மிஷன் ஜாக்: பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த பழைய மஹிந்திரா ஜீப்பில் கிளட்ச் பிளேட்டோ, கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கோ தேய்ந்துவிட்டால், கியர் பாக்ஸையும் அதன் பின்னால் போல்ட் போட்டு இணைத்திருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சேர்த்தே இறக்குவதுதான் வழக்கம். மாருதி ஜிப்ஸி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிரமம் குறைவு. அதில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக நின்று ஒரு குட்டை ஷாஃப்டால் கியர் பாக்ஸோடு இணைந்திருப்பதால், இரண்டையும் தனித்தனியே இறக்கிக்கொள்ளலாம். ஜீப்பில் இரண்டும் ஒரே பாரமாக, தோராயமாக 100 கிலோ எடையில், நம் தலைக்கு மேலே தொங்கும். சிறிய பட்டறைகளில் இளம் வயதுப் பையன்கள் வண்டிக்கு அடியில் படுத்து, அந்தப் பாரத்தை நெஞ்சிலும் முழங்காலிலும் தாங்கி இறக்குவதை இன்றும் பார்க்கலாம். அந்த முறையை என்னால் ஏற்க முடியாது. வீட்டில் இந்த வேலையைச் செய்வதாக இருந்தால் அதற்கென்று செய்யப்பட்ட ஜாக்கை வைத்துத்தான் செய்வது என்று முடிவெடுத்து, கியர் பாக்ஸைத் தாங்கி ஏற்றி இறக்கும், தரையில் உருளும் தாழ்வான வகை டிரான்ஸ்மிஷன் ஜாக் ஒன்றை வாங்கினேன். ஒரே அமைப்பிலான ஜாக்கைப் பல பெயர்களில் விற்கிறார்கள் என்பதால், பெயரை விட்டுவிட்டு அதன் உழைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விற்பனையாளர் முதலில் சொல்வது அரை டன் தாங்கும் என்பதைத்தான். அந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் எந்த ஜீப் கியர் பாக்ஸும் அதில் பாதியைக்கூட எட்டாது. கவனிக்க வேண்டியது ஜாக்கின் மிகக் குறைந்த உயரம். என்னிடம் உள்ளது முழுவதும் இறங்கிய நிலையில் தரையிலிருந்து சுமார் 21 சென்டிமீட்டர் உயரம் இருக்கிறது. அதன் மேல் கியர் பாக்ஸ் உட்கார்ந்தபின், அந்த மொத்த உயரமும் வண்டியின் சட்டமான சேஸிஸுக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தாக வேண்டும். ஆகவே ஜாக் தாழ்வாக இருக்கும் அளவுக்கு, வண்டியை ஸ்டாண்டில் உயர்த்தும் அளவு குறையும். வண்டி எவ்வளவு தாழ்வாக நிற்கிறதோ அவ்வளவுக்கு அடியில் படுத்திருப்பவருக்குப் பாதுகாப்பு. வண்டியை உயரத் தூக்கும் லிஃப்டோ குழியோ உள்ள பட்டறைகளுக்காக விற்கப்படும், நின்றபடி பயன்படுத்தும் உயரமான ஜாக் வீட்டு முற்றத்தில் எந்த வகையிலும் உதவாது.

இந்த ஜாக்கின் உண்மையான பலம் அதன் மேல்தட்டு. முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் தட்டைச் சாய்க்க இரண்டு திருகுகள் இருக்கின்றன. ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் வலப்புறம் ஒதுங்கி இருப்பதால் பாரத்தின் மையம் நடுவில் அமையாது. சாதாரண ட்ராலி ஜாக்கின் சின்னக் கிண்ணத்தில் வைத்தால் அது ஒரு பக்கமாக உருண்டுவிடப் பார்க்கும். இங்கே பக்கவாட்டுத் திருகை மெல்லத் திருப்பி, பாரம் சமநிலைக்கு வருவதைக் கண்ணாலேயே பார்க்க முடிகிறது. அதைவிட முக்கியம், முன்பின் சாய்வு. கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரைக் கழற்றியதும் எஞ்சினின் பின்பகுதி கொஞ்சம் தாழும். அதற்கு முன்பே எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டையோடு தனி ஜாக் ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும். அப்போதும் எஞ்சின் நிற்கும் கோணம் எதுவோ, அதே கோணத்தில் கியர் பாக்ஸைப் பின்னால் இழுத்தால்தான் அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் பற்களிலிருந்து தடையில்லாமல் விடுபடும். கோணம் தவறினால் 100 கிலோவும் கிளட்ச் பிளேட்டின் நடுவில் தொங்கி, புதுப் பிளேட்டைக்கூட வளைத்துவிடும். திருகைக் கால் சுற்று திருப்பியதும், அதுவரை அடம்பிடித்த பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடி, கியர் பாக்ஸை எஞ்சினோடு இணைக்கும் கூடு) இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக விரிந்து, ஷாஃப்ட் தானாக நழுவி வெளியே வந்ததைப் பார்த்தபோது, இந்த ஒரு வசதிக்காகவே கொடுத்த பணம் தகும் என்று தோன்றியது.

திரும்ப ஏற்றும்போது இதன் அருமை இன்னும் கூடுகிறது. கிளட்ச் பிளேட்டை நடுவாக்கும் கருவியால் சரிசெய்துவிட்டு, கியர் ஒன்றைப் போட்டு வைத்து, பின்பக்க யோக்கை (புரோப்பல்லர் ஷாஃப்ட் மாட்டும் முனை) கையால் மெல்லத் திருப்பினால் பற்கள் பொருந்திக்கொள்ளும். பெல் ஹவுசிங் எஞ்சினோடு கையழுத்தத்திலேயே ஒட்டி உட்கார வேண்டும். உட்காரவில்லை என்று போல்ட்டை இறுக்கி இழுப்பவர்கள் வார்ப்பு இரும்புக் காதுகளை உடைத்துவிடுகிறார்கள். ஜாக் பாரத்தை அசையாமல் பிடித்துக்கொள்வதால் அந்த அவசரத்துக்கே இடமில்லாமல் போகிறது.

குறைகளும் இருக்கின்றன. பாரத்தைக் கட்டுவதற்குக் கொடுத்திருக்கும் மெல்லிய சங்கிலி வழுக்குகிறது. அதைத் தூக்கிவைத்துவிட்டு, சரக்கு வண்டியில் பயன்படும் ராட்செட் பட்டையால் கட்டுவதே மேல். இறக்கும் வால்வு மிக நுண்ணியது. கொஞ்சம் கூடுதலாகத் திறந்தால் பாரம் பொத்தென்று இறங்குகிறது என்பதால், வெறும் ஜாக்கில் சில முறை பழகிய பிறகே கியர் பாக்ஸுக்கு அடியில் கொண்டு போக வேண்டும். சின்ன இரும்புச் சக்கரங்கள் சிமெண்டுத் தரையில் சத்தத்தோடு நகரும், மண் தரையில் நகரவே நகராது. தடித்த பிளைவுட் பலகை போட்டால்தான் பாரத்தோடு சீராக உருள்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸின் அடிப்பகுதி மேடுபள்ளமாக இருப்பதால், தட்டில் பொருந்தும்படி மரத்துண்டு ஒன்றைச் செதுக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது.

ஜாக்கை நம்பி வேறு எதையும் தளர்த்திவிட முடியாது. பல பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னாலேயே இருக்கிறது. பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பின் புரோப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிய கணத்திலிருந்து ஹேண்ட் பிரேக் எந்தச் சக்கரத்தையும் பிடிக்காது, கியரில் போட்டிருந்தாலும் வண்டி உருளும். எனவே சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, சேஸிஸுக்கு அடியில் நான்கு ஆக்சில் ஸ்டாண்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயர் கழற்றியது, கியர் ஆயில் முழுவதும் வடித்தது ஆகியவை முடிந்த பிறகுதான் ஷாஃப்டின் போல்ட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். ஆயிலை வடிக்காமல் ஷாஃப்டை உருவினால், சீல் தேய்ந்த பழைய வண்டிகளில் அது முகத்திலேயே கொட்டும்.

கேன்வாஸ் டாப்பு ஜீப் வைத்திருப்பவர்கள், டாப்பைக் கழற்றி மேலிருந்து செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பி) இறக்கினால் போதாதா என்று கேட்கிறார்கள். பாரத்தைத் தூக்க அது போதும். ஆனால் சங்கிலியில் ஆடும் பாரத்தை எஞ்சினின் கோணத்துக்குக் கொண்டுவருவது கடினம், ஏற்றும்போது அதைவிடக் கடினம். ஆயுளில் ஒரே ஒரு முறை கிளட்ச் மாற்றப் போகிறவருக்கு இந்த ஜாக்கின் விலை கட்டுப்படியாகாது. தெரிந்த பட்டறையில் வாடகைக்குக் கேட்கலாம். ஜீப்பை நெடுநாள் வைத்திருக்கப் போகிறவரோ, ஒரே ஊரில் ஜீப் வைத்திருக்கும் சில நண்பர்கள் சேர்ந்தோ தயங்காமல் வாங்கலாம். கடையில் பணம் கொடுக்கும் முன், அதன் ஹைட்ராலிக் பம்புக்கான சீல் செட் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, கிடைக்கும் என்றால் ஒன்றை அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.