பழைய வெல்டிங் மிஷினில் பழுது தேட எது உதவும்: டெஸ்ட் லேம்ப்பா, மல்டிமீட்டரா, கிளாம்ப் மீட்டரா, மெகரா?

மின்னணுப் பலகை எதுவும் இல்லாத பழைய டிரான்ஸ்பார்மர் வகை வெல்டிங் இயந்திரத்தில் பழுது வரக்கூடிய இடங்கள் குறைவு: உள்ளே வரும் கேபிளும் ஸ்விட்ச்சும், மின்சாரம் நுழையும் பிரைமரி காயில், வெல்டிங்குக்கு மின்சாரம் கொடுக்கும் செகண்டரி காயில், இணைப்புகள், இவற்றை இரும்புக் கூட்டிலிருந்து பிரித்து வைக்கும் மின்காப்பு. ஆனாலும் இவை அனைத்தையும் ஒரே கருவியால் சோதித்துவிட முடியாது. டெஸ்ட் லேம்ப், அதாவது இரண்டு வயர் மாட்டிய பல்பு, போதும் என்பவர்களும் மீட்டர் இல்லாமல் இயந்திரத்தைத் திறக்கக் கூடாது என்பவர்களும் பாதி அளவுக்குச் சரியாகவே சொல்கிறார்கள்.

மின்சாரம் வந்து சேர்கிறதா என்ற கேள்விக்கு டெஸ்ட் லேம்ப்பே நம்பகமானது. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகாஓம் என்பதால், நடுவில் அறுந்துபோன கம்பிகூட உயிருள்ள இன்னொரு கம்பியை ஒட்டி ஓடினால், மீட்டர் ஏதோ ஒரு வோல்ட்டைக் காட்டிக் குழப்பும். 100 வாட் பல்பு ஏறத்தாழ 0.43 ஆம்பியரை இழுப்பதால் அந்தப் பொய் அதனிடம் செல்லாது. இரண்டு பேஸில், அதாவது 415 வோல்ட்டில், ஓடும் இயந்திரமானால் ஒரே வாட் கொண்ட இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்துக்கொள்ள வேண்டும்.

பாடியில் ஷாக் அடிக்கிறது என்ற புகாருக்கு அதே பல்பை நம்புவது ஆபத்தானது. மின்காப்பு கெட்டு 20,000 ஓம் அளவுக்கு இறங்கிவிட்டால் 230 வோல்ட்டில் கசிவது 11.5 மில்லிஆம்பியர்தான். அதற்குப் பல்பு கண் திறக்காது, ஆனால் பிடித்த கை விடமுடியாமல் இறுகத் தொடங்குவது ஏறத்தாழ 10 மில்லிஆம்பியரிலேயே. மல்டிமீட்டரின் ஓம் அளவீடும் சில வோல்ட் அழுத்தத்தில்தான் நடக்கிறது என்பதால், 230 வோல்ட்டில் உடைந்து கசியும் காப்பு அதில் நலமாகவே தெரியக்கூடும். அதிக வோல்ட்டைக் கொடுத்து மின்காப்பின் தடையை அளக்கும் கருவியான 500 வோல்ட் மெகர் மட்டுமே இங்கே பதில் சொல்லும். பயன்பாட்டிலுள்ள வெல்டிங் இயந்திரங்களுக்கான ஐஇசி 60974-4 என்ற சர்வதேசத் தரம், பிரைமரிக்கும் வெல்டிங் சுற்றுக்கும் (செகண்டரி பக்கத்துக்கும்) இடையே 5 மெகாஓமும், வெல்டிங் சுற்றுக்கும் எர்த்துக்கும் இடையே 2.5 மெகாஓமும் குறையாமல் இருக்கக் கோருகிறது. மழையில் நனைந்த இயந்திரத்தை நன்றாக உலர்த்தி மறுபடி அளந்து, அளவு ஏறினால் ஈரம், ஏறாவிட்டால் காப்பே போய்விட்டது என்று பிரித்தறியலாம். மெகரை இணைக்குமுன் மின்சாரத்தைத் துண்டித்து, கெப்பாசிட்டர் இருந்தால் அதன் மின்னூட்டத்தை இறக்கிக் கழற்றிவிட வேண்டும். டிசி இயந்திரமானால் டயோடுகளைக் கம்பியால் குறுக்கிணைப்பது அவசியம்.

காயிலில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதைக் கண்டுபிடிப்பதில்தான் பெரிய குழப்பம். பிரைமரியோடு தொடராக 100 வாட் பல்பைப் போட்டு, மங்கலாக எரிந்தால் காயில் நலம், பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் என்று சொல்லும் முறை சிறிய டிரான்ஸ்பார்மர்களுக்குப் பொருந்தும். பெரிய வெல்டிங் டிரான்ஸ்பார்மரோ சுமை இல்லாதபோதே சில ஆம்பியர் இழுப்பதால், நல்ல காயிலிலும் பல்பு பளிச்சென்றுதான் எரியும். இதை நம்பி நல்ல காயிலைப் பிரித்து ரீவைண்டிங்குக்கு அனுப்பினால் செம்பும் கூலியும் வீண். சுமையில்லாமல் ஓடவிட்டு, ஒரே ஒரு கம்பியைச் சுற்றி கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்ப்பதே நேர்வழி: இயல்பைவிடப் பலமடங்கு மின்னோட்டமும், உறுமலும், சில நிமிடத்தில் சூடும் சேர்ந்து வந்தால் ஷார்ட் என்று துணிந்து சொல்லலாம்.

ஆர்க் நிலைக்காமல் அணைவது, வெல்டிங் கம்பி ஒட்டிக்கொள்வது போன்ற புகார்களில் காயிலைவிட லக் (கேபிள் முனையின் உலோக இணைப்பு), ஹோல்டர், எர்த் கிளாம்ப் ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். 0.01 ஓம் தடை மல்டிமீட்டரின் ஓம் அளவில் தெரியாது, ஏனெனில் அதன் வயர்களின் தடையே அதைவிட அதிகம். ஆனால் 150 ஆம்பியரில் வெல்டிங் நடக்கும்போது அந்த இணைப்பின் இருபுறமும் வோல்ட் அளந்தால் 1.5 வோல்ட் வீழ்ச்சி தெளிவாகத் தெரியும். அங்கே 225 வாட் வெப்பமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழிக்காத சாதாரண மல்டிமீட்டரே இதற்குப் போதும்.

ஒரு பட்டறைக்கு முதலில் வாங்க வேண்டியது, வோல்ட்டும் அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டர். அது மல்டிமீட்டரின் வேலையையும் பார்த்துக்கொள்ளும். டெஸ்ட் லேம்ப்பை ஸ்விட்ச் வரைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். மெகர் விலை கூடுதல், அடிக்கடி தேவைப்படாது. மோட்டார் ரீவைண்டிங் கடையில் இரவல் கிடைக்கும், ஆனால் ஷாக் அடித்த இயந்திரத்தை அந்த அளவீடு வரும்வரை யாரும் தொடக் கூடாது.