குளோரின் பார்க்க ஸ்ட்ரிப்பா, சொட்டு கிட்டா?

வீட்டு நீச்சல் குளத்து நீரைச் சோதிக்க, நனைத்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப் (பட்டை) வாங்குவதா, நீரில் மருந்துச் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கிட் வாங்குவதா என்று குழம்புபவர்களுக்கு:

வேகம்: ஸ்ட்ரிப்பை நனைத்தால் சில விநாடிகளில் நிறம் வரும். சொட்டு கிட்டுக்குச் சில நிமிடம் ஆகும்.

ஆயுள்: ஸ்ட்ரிப் டப்பாவுக்குள் ஈரம் போனால் போச்சு. சொட்டு பாட்டிலை நிழலில் வைத்தால் போதும்.

துல்லியம்: இங்கேதான் பெரிய வித்தியாசம். குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்க வேண்டும். ஸ்ட்ரிப்பில் அதைக் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். டிபிடி என்ற மருந்து உள்ள சொட்டு கிட் இளஞ்சிவப்பின் அடர்த்தியில் தெளிவாகக் காட்டும். ஆனால் குளோரின் மிக அதிகமானால் அந்த நிறமே வெளுத்து, குளோரின் இல்லாதது போலத் தெரியும். அதை நம்பி இன்னும் கொட்டிவிடாதீர்கள்! குளத்து நீரில் காய்ச்சி வடித்த நீரைச் சரிபாதி கலந்து, வரும் அளவை இரண்டால் பெருக்குங்கள்.

தினமும் பார்க்க ஸ்ட்ரிப் சரி. குளோரின் சேர்க்கும் முன்பும், தண்ணீர் பச்சையடிக்கும்போதும் கிட்தான்.