ப்ளூடூத் பி.பி. மிஷின்: மலையில் வேலைக்குப் போகிறவருக்கு எவ்வளவு உதவும்?

வேலையிடத்தில் இருந்தபடியே வீட்டிலுள்ள பெரியவரின் பிரஷரைப் பார்க்கலாம் என்று சொல்லித்தான் ப்ளூடூத் வைத்த மிஷினுக்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். அப்பாவைக் கோத்தகிரியில் விட்டுவிட்டுக் குன்னூருக்குப் பஸ் பிடிப்பவருக்கு அது நடக்காது. ப்ளூடூத் எட்டுவது பத்து மீட்டர் சுமார்தான். அளவு போய்ச் சேரவேண்டிய போனோ உங்கள் சட்டைப் பையில், குன்னூரில். பகல் 11 மணிக்கு எடுத்த அளவு, சாயங்காலம் நீங்கள் திரும்பிய பிறகே ஆப்பில் ஏறும்.

பழைய போன் ஒன்றை வைஃபையோடு மிஷின் பக்கத்திலேயே விட்டுவைத்தால் சரிக்கட்டலாம். ஆனால் ஒரே கணக்கை இரண்டு போனில் திறக்க அந்த ஆப் விடுகிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆடி மழையில் கரண்ட் போனால் வைஃபையும் போச்சு. இவ்வளவு பாடு எதற்கு? இலக்கம் பெரிதாகத் தெரியும் சாதாரண மிஷினை வாங்கிக் கொடுத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டு மேலெண், கீழெண், நாடி மூன்றையும் வாசிக்கச் சொன்னால் போதும். மிச்சமாகும் காசில் 22 முதல் 42 செ.மீ. வரை சுற்றளவுள்ள மேற்கைக்குப் பொருந்தும் அகலப் பட்டையும் (கையில் சுற்றி ஊதும் கஃப்) அடாப்டரும் வாங்கலாம். கூடவே வருகிற பட்டை பல மாடல்களில் 32 செ.மீ.யோடு நின்றுவிடும். பருத்த கையில் அதைச் சுற்றினால் அளவு ஏற்றிக் காட்டும். கடைக்குப் போகுமுன் மேற்கையின் நடுச் சுற்றளவை டைலர் டேப்பால் அளந்து கொள்ளுங்கள்.

இனி, சமவெளிக்காரர் எழுதும் மதிப்புரையில் வராத விஷயம்: குளிர். பெரும்பாலான மிஷின்கள் 10 டிகிரிக்கு மேல்தான் சரியாக வேலை செய்யும் என்று கையேடே சொல்கிறது. மார்கழி விடியலில் ஊட்டியில் பல வீடுகளின் உள்ளறையே அதற்குக் கீழே இருக்கும். குளிரில் ரத்தக் குழாய் சுருங்குவதால் பிரஷரும் நிஜமாகவே ஏறும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், படுக்கையிலிருந்து எழுப்பிய கையோடு எடுக்கும் அளவை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

அடுப்பெரிந்து சூடான சமையலறைதான் நல்ல இடம். சிறுநீர் கழித்துவிட்டு, டீக்கும் மாத்திரைக்கும் முன்பு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். ஸ்வெட்டர் கையைச் சுருட்டி மேலே ஏற்றக் கூடாது, அது கையை இறுக்கிவிடும். ஸ்வெட்டரின் அந்தக் கையை முழுக்கக் கழற்றிவிட்டு மேலே சால்வை போர்த்துங்கள். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே, கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில். பேச்சு வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டு அளவில் உயர் பிரஷருக்கு 135/85 என்பதுதான் எல்லை, ஆஸ்பத்திரியின் 140/90 அல்ல.

அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என மெமரி பிரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் பட்டனை மாற்ற மறந்து இருவர் அளவும் கலந்துபோவது சகஜம். பேட்டரி செல்லைக் கழற்றினால் சில மாடல்களில் தேதியும் அழிந்துவிடும். குளிரில் செல் சீக்கிரம் சோர்ந்து, பட்டை பாதியில் ஊதி நின்றால் மிஷின் கெட்டதாக நினைக்க வேண்டாம். அடாப்டரில் போட்டுப் பாருங்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் ஆக்சிமீட்டரையும் சிலர் சேர்த்து வாங்குகிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். சமவெளியில் 98 காட்டும் ஆளுக்கே இங்கே 95 வரலாம். விரல் சில்லிட்டிருந்தாலோ மருதாணி இட்டிருந்தாலோ அதையும் நம்ப முடியாது.

நோட்டும் நூல் கட்டிய பேனாவும் மிஷின் பக்கத்திலேயே தொங்கட்டும். வீடு தேடி வரும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் பகலில் வரும்போது நீங்கள் வேலையில் இருப்பீர்கள். அவர் புரட்டிப் பார்ப்பது அந்த நோட்டைத்தான், உங்கள் ஆப்பை அல்ல.